பிலோமினா போட்ட ஜாயிண்ட்

அநியாயம் நடந்தது என் தங்கை பிலோமினாவுக்கு. அவள் தன் கையால் போட்ட வெல்டிங்கில் இன்னொருவருடைய நம்பரைக் குத்திவிட்டார்கள். குத்தியதோடு விட்டார்களா, அதற்காக அந்த ஆளுக்கு மேடை போட்டுக் கேடயமும் கொடுத்தார்கள். இதுதான் விஷயம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடுவில் நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. திரும்பி வந்துவிடுவேன், கவலைப்படாதீர்கள். திருச்சி போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது, இந்த பஸ் கீரனூரிலேயே இவ்வளவு நேரம் நிற்கிறது.

நீங்கள் கேட்டது என்ன அக்கா? மகளை ஐடிஐயில் சேர்க்கலாமா, பொம்பளைப் பிள்ளைக்கு அது ஒத்துவருமா என்றுதானே? ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் என்று போட்டிருக்கிறான், எது என்னவென்றே தெரியவில்லை என்றீர்கள். உங்கள் வீட்டுக்காரர் நர்ஸிங் போகட்டும் என்கிறார், மகள் கேட்க மாட்டேன் என்கிறாள். எனக்கு உங்கள் மகளைப் பிடித்துவிட்டது. அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன். இல்லையென்றால் நான் பஸ்ஸில் யாரோடும் பேசுகிற ஆள் இல்லை.

இந்தக் கோப்பையா? புதுக்கோட்டையில் பேச்சுப் போட்டி. இரண்டாம் பரிசு. அது வேறு அநியாயம், விடுங்கள்.

நான் எம்.ஏ. பொருளாதாரம், இரண்டாம் வருடம். பெயர் ஜெசிந்தா. அரியமங்கலத்தில் வீடு. அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார், வீட்டில் இருப்பதே அபூர்வம். ஆகவே வீட்டில் நான், அம்மா, பிலோமி. பிலோமி பன்னிரண்டாவது முடித்ததும் வெல்டர் படிக்கப் போகிறேன் என்றாள். அம்மா அழுதாள். கல்யாணத்துக்கு எவன் வருவான், முகமெல்லாம் பொசுங்கிப்போகும், கண் போய்விடும் என்று வரிசையாக அடுக்கினாள். நான் விடுவேனா? ராத்திரிச் சாப்பாட்டில் தொடங்கினால் பாய் விரிக்கிறவரை பேசினேன். நாட்டில் இன்ஜினியரிங் முடித்தவன் எல்லாம் பிரியாணி டெலிவரி செய்கிறான், ஒரு நல்ல வெல்டர் கிடைக்காமல் கம்பெனிக்காரன் தவிக்கிறான், தொழில் கற்றவளை எந்த ஊரும் தள்ளாது, கையில் வித்தை இருக்கிறவள் ஒருத்தன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. புள்ளிவிவரத்தோடு சொன்னேன். அம்மா கடைசியில், "நீ வாய மூடினாப் போதும், அவ எங்க வேணா போகட்டும்" என்று ஒத்துக்கொண்டாள்.

என்னால்தான் அவள் வெல்டர் ஆனாள் என்று நான் எங்கும் சொல்லிக்கொள்வதில்லை. அவள் அதற்கு முந்தின வாரமே போய் ஐடிஐயில் சேர்ந்துவிட்டு வந்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அது வேறு. வாதம் ஜெயித்தது ஜெயித்ததுதான்.

ஐடிஐ முடித்ததும் துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக எடுத்துக்கொண்டார்கள். பேர் வேண்டாம். கொதிகலனுக்கு வேண்டிய குழாய்களை வரிசையாக ஒட்டி, கதவு மாதிரி பெரிய பெரிய பேனலாகச் செய்து அனுப்புகிற இடம். அரசாங்கத் தமிழில் தொழில் பழகுநர் என்று அழகாக எழுதுகிறார்கள். அந்த ஷாப்பில், அதாவது வேலைக்கூடத்தில், போய் நின்றால் எல்லார் வாயிலும் அப்ரசண்டிதான். டீ வாங்கப் போவது அப்ரசண்டி, கேபிளைச் சுருட்டுவது அப்ரசண்டி, எது உடைந்தாலும் உடைத்தது அப்ரசண்டி. அதிலும் இவள் ஒருத்திதான் பெண். பாத்ரூம் போக வேண்டுமென்றால் ஷாப்பை விட்டு, வண்டிகள் வந்து நிற்கிற யார்டைத் தாண்டி, ஆபீஸ் கட்டடம் வரை நடக்க வேண்டும். முதல் மாதம் தண்ணீரே குடிக்காமல் வேலை பார்த்தாள். இதற்கு ஒரு மனு எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். பிறகு அவளே என்னவோ செய்து, ஸ்டோர் பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பாத்ரூமுக்குச் சாவி வாங்கிவிட்டாள். மனு இல்லாமல் வாங்கினால் அது உரிமை ஆகாது, சலுகைதான். அவளுக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை.

அவளை முத்துக்கருப்பன் என்கிற வெல்டரோடு போட்டிருந்தார்கள். அந்த ஆள்தான் கேடயம் வாங்கியவர். முப்பத்தைந்து வயது இருக்கும், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. முதல் நாள் இவளைப் பார்த்து, "கண்ணாடியப் பாத்து பவுடர் போடத் தெரியும், கண்ணாடியப் பாத்து வெல்டிங் போடத் தெரியுமா பாப்பா?" என்று கேட்டாராம். இது கிண்டல் மட்டுமில்லை, ஒரு வேலை. இரண்டு குழாய்கள் நெருக்கமாக இருந்தால் பின்பக்கத்து இணைப்பு கண்ணுக்குத் தெரியாது. பின்னால் ஒரு சின்னக் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதில் தெரிகிற பிம்பத்தைப் பார்த்தபடி ஒட்ட வேண்டும். கண்ணாடியில் எல்லாம் திருப்பி இருக்கும் இல்லையா? கை வலது பக்கம் போக வேண்டுமென்றால் மனசு இடது பக்கம் இழுக்கும். பழகினவர்களே திணறுவார்களாம். இவள் அவருக்கு, "எனக்குப் பவுடர் போடத் தெரியாதுண்ணே, வெல்டிங்கே சொல்லித் தாங்க" என்று பதில் சொல்லியிருக்கிறாள். இதை வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எனக்கு வந்த ஆத்திரம் அவளுக்கு வரவில்லை.

சரி, இப்போது நம்பர் விஷயம். அங்கே ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. தேர்வு வைத்து, அதில் தேறினால்தான் நம்பர் கொடுப்பார்கள். இரண்டு குழாயை ஒட்டி ஒரு ஜாயிண்ட் போட்டு முடித்தால், பக்கத்திலேயே இரும்பு அச்சை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு. நம்பர் பதிந்துவிடும். பிறகு அந்த ஜாயிண்ட்டை எக்ஸ்ரே எடுப்பார்கள், நமக்கு நெஞ்சுக்கு எடுப்பது மாதிரி. உள்ளே ஒரு பொத்தல் இருந்தாலும் ஃபிலிமில் கறுப்பாகத் தெரியும். யார் போட்டது என்று பார்த்து அவரைக் கூப்பிடுவார்கள். முத்துக்கருப்பன் நம்பர் முப்பத்தொன்று. பிலோமிக்கு நம்பர் இல்லை. அப்ரண்டிஸ் கழிவுத் தகட்டில்தான் பழக வேண்டும், நிஜக் குழாயைத் தொடவே கூடாது என்பது சட்டம்.

ஒரு நாள் சாயங்காலம் யார்டில் ட்ரெய்லர் வந்து நிற்கிறது. பேனல் ஏற்ற வேண்டும். ஒரே ஒரு ஜாயிண்ட் பாக்கி, அதுவும் பின்பக்கம், பக்கத்துக் குழாயோடு ஒட்டினாற்போல். வரைபடம் போட்ட புண்ணியவான் அங்கே மனுஷன் கை நுழைய வேண்டும் என்று நினைக்கவே இல்லை. முத்துக்கருப்பன் குனிந்து பார்க்கிறார், படுத்துப் பார்க்கிறார், கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறார். முழங்கைக்கு மேல் போகவில்லை. மற்றவர்களும் வந்து கையை விட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்போது ஃபோர்மேன் வந்தார். பாலகுரு என்று பெயர். பிலோமி அவர் பேசினதை அப்படியே பேசிக் காட்டினாள்.

"ஏய்யா, அந்தப் புள்ள கை குச்சி மாதிரி இருக்குல்ல, அத விடேன்."

"அது இன்னும் டெஸ்ட் முடிக்கல சார்."

"டெஸ்ட்ட அப்புறம் பாத்துக்கலாம். வண்டி நிக்குது எனக்கு."

"நம்பர் சார்?"

"உன் நம்பரக் குத்து. புதுசா கேக்கறான் பாரு."

ஆக, பிலோமி கையை விட்டாள். முத்துக்கருப்பன் அடியில் மல்லாந்து படுத்துக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். ஃபோர்மேன் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். போட்டு முடித்து வெளியே வந்தபோது இவள் கழுத்தில் பொறி விழுந்து சட்டைக் காலர் ஓட்டையாகியிருந்தது. முத்துக்கருப்பன் டார்ச் அடித்துப் பார்த்தார். சுத்தியை எடுத்து முப்பத்தொன்று என்று குத்தினார். ஃபிலிம் வந்தது. பார்த்தவர், இதை யார் போட்டது, இதைப் பாடத்துக்கு வைக்கலாம் என்றாராம்.

இதைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டு. நான் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டேன்.

"உன் நம்பர் எங்கடி?"

"எனக்குத்தான் நம்பர் இல்லையேக்கா."

"அப்ப அடுத்தவன் நம்பரக் குத்துவாங்களா? இதுக்குப் பேர் திருட்டு."

"திருட்டா? நாளைக்கு அது ஒழுகுச்சுன்னா அவரத்தான் கூப்பிட்டு நிக்க வெப்பாங்க. என்னை இல்ல."

"ஒழுகலையே. ஒழுகாத ஜாயிண்ட்டோட பேர் யாருக்குப் போகுது? பழிக்கு ரெடியா இருக்கிறதால புகழ எடுத்துக்கலாமா? உழைப்பு ஒருத்தருது, அடையாளம் இன்னொருத்தருதுன்னா அது சுரண்டல்."

"ரசம் ஊத்திக்கோ, ஆறுது."

வாதத்தில் இப்படித்தான், பதில் இல்லாதவர்கள் ரசத்துக்குப் போய்விடுவார்கள். பிறகு தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, அடுத்த மாசம் எனக்கு டெஸ்ட் வருது. பாஸானா என் நம்பர் எனக்கு. அதுவரைக்கும் இத வெளியில பேசாத. சொல்லிட்டேன்."

நான் அவள் சொல்லை மதித்தேன். காலேஜில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. காலேஜில் என் தங்கை ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் இருக்கிறாள் என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறேன். விவரமாகச் சொன்னால் அவர்களுக்குப் புரியாது. மத்தியதர வர்க்கத்து மனோபாவம் அக்கா, கையால் செய்கிற வேலை என்றால் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது.

கொஞ்ச நாளில் தொழிற்சாலையில் பாதுகாப்பு வார விழா வந்தது. வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு வரலாம். அப்ரண்டிஸ் வீட்டையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். பிலோமி, "அக்காவுக்குப் படிப்பு இருக்கும், அவ வர வேணாம்" என்றாள். என் படிப்பின் மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை. ஒரு நாள் படிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது என்று நானும் கிளம்பிவிட்டேன்.

பந்தல், நாற்காலி, எலுமிச்சை சாதம், கையில் ஆளுக்கொரு ஜூஸ். பிலோமி மற்ற அப்ரண்டிஸ்களோடு முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள். பெரியவர்கள் பேசினார்கள். ஹெல்மெட் போடுங்கள், ஷூ போடுங்கள். பிறகு பரிசு. சிறந்த ஜாயிண்ட்டுக்கான கேடயம் என்றார்கள். எந்தப் பேனல், எந்த ஜாயிண்ட் என்று சொல்லி, மிகக் கடினமான இடத்தில் கண்ணாடி வைத்துப் போடப்பட்டது, நம்பர் முப்பத்தொன்று, முத்துக்கருப்பன் என்று கூப்பிட்டார்கள். அந்த ஆள் எழுந்திரிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். மேடைக்குப் போய் மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றார். தலையைத் தூக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன?

நான் எழுந்தேன். எனக்கு மைக் தேவையில்லை அக்கா, காலேஜ் அரங்கத்தில் கடைசி வரிசைவரை கேட்கும் என் குரல்.

"ஐயா, ஒரு திருத்தம். அந்த ஜாயிண்ட்டைப் போட்டது அவர் இல்லை. என் தங்கை பிலோமினா. உங்கள் அப்ரண்டிஸ். உழைத்தவள் கீழே உட்கார்ந்திருக்கிறாள், நம்பர் வைத்திருக்கிறவர் மேலே நிற்கிறார்."

இந்தக் கடைசி வாக்கியம் முன்கூட்டியே யோசித்தது இல்லை, அந்த இடத்தில் வந்தது. பந்தலில் ஜூஸ் உறிஞ்சுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. பிலோமி திரும்பிப் பார்த்தாள். கையால் உட்கார், உட்கார் என்று காட்டினாள். எப்போதும் அப்படித்தான், தன்னைப் பற்றிப் பெருமையாக யாராவது பேசினால் கூச்சம். ஃபோர்மேன் பாலகுரு பாய்ந்து வந்து மைக்கைப் பிடித்து, "அக்கா தங்கச்சி பாசம், அக்கா தங்கச்சி பாசம்" என்று சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. மேடையில் இருந்த தர நிர்வாக மேனேஜர் சம்பத் என்பவர் மட்டும் பிலோமியையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்துக்கருப்பன் கேடயத்தைக் கொண்டுவந்து மனைவி மடியில் வைத்தார். அந்த அம்மா அதை எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டார். அதை வைத்தே தெரிந்துகொள்ளலாம் இல்லையா?

வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் பிலோமி முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவு பேர் முன்னால் அவள் பெயர் கேட்டுவிட்டது, நெகிழ்ந்திருப்பாள் என்று நானும் தொந்தரவு செய்யவில்லை. அம்மாதான் புலம்பிக்கொண்டே வந்தாள். "ஆண்டவரு உனக்கு நாக்கக் குடுத்தாரே, அதுக்கு ஒரு தாழ்ப்பாள் குடுத்தாரா?" அம்மா பழைய காலத்து ஆள்.

வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் பிலோமி திரும்பினாள். "அந்த ஜாயிண்ட்ட நான் தொட்டிருக்கவே கூடாதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். நீதான சொன்ன."

"அப்ப இனிமே என்ன ஆகும்னு தெரியுமா?"

"நியாயம் கிடைக்கும்."

பாயை விரித்துப் படுத்துவிட்டாள். நான் சொன்னதில் தப்பு இருந்தால் எடுத்துச் சொல்லியிருப்பாள் இல்லையா?

திங்கட்கிழமை கூப்பிட்டுவிட்டார்கள். விசாரணை. புகார் சொன்னவள் என்பதால் என்னையும் வரச் சொன்னார்கள். நான் வழியெல்லாம் குறிப்பு எடுத்துக்கொண்டு போனேன். அறையில் சம்பத், பாலகுரு, முத்துக்கருப்பன், நாங்கள் இரண்டு பேர். அவ்வளவுதான். பிலோமி வேலைச் சட்டையோடு வந்திருந்தாள், காலரில் அந்த ஓட்டை.

இன்னொன்று தெரியுமா? வண்டி நிற்கிறது, வண்டி நிற்கிறது என்று அவசரப்படுத்தினார்களே, அந்தப் பேனல் அன்றைக்குப் போகவே இல்லை. வாங்குகிற கம்பெனியிலிருந்து வந்து பார்க்க வேண்டியவர் வரவில்லை. ட்ரெய்லர் காலியாகத் திரும்பிப் போய்விட்டது. பேனல் இன்னும் யார்டிலேயே கிடந்தது.

சம்பத் மரியாதையான மனிதர். என்னை உட்காரச் சொன்னார். முதலில் முத்துக்கருப்பனைக் கேட்டார்.

"ஜாயிண்ட் என்னுது சார்" என்றார் அவர். "பாப்பா கண்ணாடி புடிச்சுது. அவ்வளவுதான்."

பார்த்தீர்களா? அப்பட்டமான பொய். கண்ணாடி பிடித்தது அவர், ஒட்டியது இவள், அதை அப்படியே தலைகீழாக்கிச் சொல்கிறார். என்னைவிடக் கோபப்பட வேண்டிய பிலோமி, "அண்ணே, வேணாம்" என்று மட்டும் சொன்னாள். அவர், "நீ சும்மா இரு பாப்பா, எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு, எனக்குத் தெரியும் என்ன பேசணும்னு" என்றார். பிள்ளைகள் இருந்தால் பொய் சொல்லலாமா?

பாலகுருவைக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். நான் அப்ப யார்டுல வண்டிகிட்ட நின்னேன். இவங்களுக்குள்ள என்ன நடந்துச்சோ" என்றார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், காலையில்தான் பூசைக்கு உட்கார்ந்து எழுந்தவர் மாதிரி.

நான் ஆரம்பித்தேன். உழைப்பின் அடையாளம் உழைப்பவருக்கே என்பதில் தொடங்கி, பயிற்சிக்கு வந்தவர்களை உற்பத்திக்குப் பயன்படுத்துவது சட்டமீறல் என்று தொட்டு, பெண் என்பதால் மறைக்கப்பட்டாள் என்று வந்து, இந்த நாட்டில் கோபுரம் கட்டினவன் பெயரைக் கல்லில் வெட்டாத புத்திதான் இன்றைக்கும் இந்த ஷாப்பில் இருக்கிறது என்பதுவரை போனேன். நன்றாக வந்தது. சம்பத் குறுக்கிடவே இல்லை. முடிந்ததும், "நல்லா பேசறீங்கம்மா" என்றார். அதோடு பிலோமி பக்கம் திரும்பிவிட்டார்.

"இங்க பாரும்மா. டெஸ்ட் பாஸாகாத ஆள் போட்ட ஜாயிண்ட்னா, ஃபிலிம் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் அத அறுத்து எடுத்துத்தான் ஆகணும். மறுபடி புதுசாப் போடணும். உன் அப்ரண்டிஸ் அதோட முடிஞ்சுது. டெஸ்ட்டும் கிடையாது. முத்துக்கருப்பன் நம்பரையும் நான் வாங்கிக்க வேண்டி வரும், நம்பர் இல்லாத வெல்டருக்கு இங்க வேலை இல்ல. அக்கா விவரம் தெரியாமப் பேசிட்டாங்க, நான் கண்ணாடிதான் புடிச்சேன்னு நீ ஒரு வார்த்த சொன்னா, எல்லாரும் எந்திரிச்சுப் போய் வேலையப் பாக்கலாம். நீயா போட்ட? யோசிச்சுச் சொல்லு."

நன்றாகக் கவனியுங்கள் அக்கா. எனக்கு விவரம் தெரியாது என்று சொல்ல வேண்டுமாம். அதுதான் அவர் கேட்ட விலை.

நான் மறுபடியும் எழுந்தேன். "சார், இது மிரட்டல்" என்று ஆரம்பித்தேன். அப்போது பிலோமி என் பக்கம் திரும்பி, "அக்கா, உக்காரு. வாயத் தொறக்காத. இது உன் போட்டி இல்ல" என்றாள். முத்துக்கருப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அண்ணே, நீங்களும்தான்" என்றாள். அவரும் அடங்கிவிட்டார். எனக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு புரிந்தது, இரண்டு தரப்பையும் நிறுத்திவிட்டுத் தன் வாதத்தைத் தொடங்குகிறாள். அது சபை உத்தி. வீட்டில் என்னைப் பார்த்துப் பார்த்து வந்தது.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில், தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். வெல்டரோ ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ, அவளுக்கு எது பிடிக்கிறதோ அது. முகம் பொசுங்காது, அதற்கு மறைப்பு இருக்கிறது. டீ வாங்கச் சொல்வார்கள், கிண்டல் செய்வார்கள், பாத்ரூமுக்கு நடக்க வைப்பார்கள், அவள் போட்டதில் இன்னொருவர் நம்பரைக் குத்துவார்கள். அதற்கெல்லாம் பயந்தால் எந்தப் பெண்ணும் வாசற்படி தாண்ட முடியாது. எனக்காக ஒன்று மட்டும் செய்யுங்கள். அவளுக்குப் பக்கபலமாகப் பேச வீட்டில் ஒருத்தர் இருக்க வேண்டும். பிலோமிக்கு நான் இருந்தேன். இப்போது அவளுக்கு வேலை அதிகம், அதே தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே இரண்டு பெண்களோடு ஒரு ரூம் எடுத்துத் தங்கிவிட்டாள். அரியமங்கலத்திலிருந்து துவாக்குடி பக்கம்தான், டவுன் பஸ் இருக்கிறது, ஆனாலும் களைப்பாக இருக்கும் இல்லையா? என் போனை எடுக்கக்கூட நேரம் இருப்பதில்லை. அம்மாவோடு பேசுகிறாள். முத்துக்கருப்பன் வீட்டிலிருந்து அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வருகிறதாம். செய்த பாவத்தைக் குழம்பில் கரைக்கப் பார்க்கிறார்கள் என்றேன் அம்மாவிடம். அம்மா போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

டோல்கேட் ஸ்டாப் வந்துவிட்டது, இறங்கத் தயாராக வேண்டும். முடித்துவிடுகிறேன்.

சம்பத் காத்துக்கொண்டிருந்தார். பாலகுரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிலோமி அவசரப்படவில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, அந்தக் கையை மேஜையின் மேல் வைத்தாள். ஒல்லிக் கை, மணிக்கட்டிலிருந்து மேலே பொறி விழுந்த புள்ளிகள். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அங்கே ஒரு வரி சேர்த்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும், ஆனாலும் அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"ஜாயிண்ட் நான் போட்டது சார். கண்ணாடி புடிச்சது அண்ணன். போடச் சொன்னது பாலகுரு சார். அவரு யார்டுல இல்ல, என் முதுகுக்குப் பின்னாடி நின்னு வாட்ச்சப் பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் கண்ணாடி புடிச்சேன்னு சொல்ல மாட்டேன். ரூல்படி அறுக்கணும்னா அறுங்க, நான் குறுக்க வரல. ஆனா அன்னைக்கு இந்த ஷாப்புல இருக்கிற அத்தனை வெல்டரும் வந்து கைய விட்டுப் பாத்துட்டுப் போனாங்க. யாருக்கும் முழங்கைக்கு மேல போகல. அண்ணன் நம்பர வாங்கி வெச்சுக்கிட்டு, என்னையும் கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டு, அறுத்தத மறுபடி யாரு கைய விட்டு ஒட்டப் போறீங்க? அத மட்டும் சொல்லிட்டு அறுங்க சார்."